மிச்ச ஜாங்கிரி

“ஒரே ஒரு ஜாங்கிரி! அதுக்கு ஏன் ஊரைக் கூட்டுற?”

“ஒன்று அல்ல, நான்கு. நான்காவது இப்போதுதான் இரைப்பைக்குள் இறங்கியிருக்கிறது. இரத்தச் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு.”

“பொய் சொல்லாதே!”

“நான் உங்கள் வயிற்றுக்குள் குடியிருக்கிறேன். எனக்கு எதற்குப் பொய்?”

“குடியிருக்கிறவன் குடியிருக்கிறவன் மாதிரி இரு! வீட்டுக்காரன் என்ன சாப்பிடுறான்னு எட்டிப் பார்க்காதே!”

செம்பொழில் நகரின் மூன்றாம் நடைக்கூடத்தில் காலைச் சண்டை உச்சத்தில் இருந்தது. இருபத்தேழாம் எண் வீட்டு மணவாளன் வழக்கம்போலத் தம் வயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து வீடுகளில் காற்று விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. செவ்வாய்க் கிரகத்தில் விசிறியை நிறுத்துவது விளையாட்டுக் காரியமன்று. பதினோரு நிமிடம் தாண்டினால் வீட்டுக்குள் மூச்சு முட்டும். ஆனால் விசிறி ஓடினால் அடுத்த வீட்டுப் பேச்சு தெளிவாகக் கேட்காதே! மூன்றாம் நடைக்கூடத்தார் பத்து நிமிடம் வரை பேச்சின் பக்கம், அதன் பிறகுதான் மூச்சின் பக்கம்.

மணவாளனுக்கு ஐம்பத்து நான்கு வயது. நகரத்தின் அறுநூறு பேர் கழிக்கும் நீரை வடிகட்டி மறுபடி குடிநீராக்கும் நிலையத்தின் தலைமைப் பொறுப்பாளர். ஊருக்கெல்லாம் வடிகட்டிக் கொடுக்கிற மனிதர், தம்முடைய இரண்டு சிறுநீரகங்களை மட்டும் அந்த வேலையைச் செய்ய விடமாட்டேன் என்று நின்றார்.

அவரோடு வாதாடிய குரல் உட்செவிலியுடையது. நெல்மணி அளவுக் கருவி அது. பதினெட்டு வயது நிறைந்த எல்லோருக்கும் கல்லீரலின் அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். இரத்தத்தை ஓயாமல் சுவைபார்த்து, கழுத்தடியில் காறையெலும்பில் ஒட்டியிருக்கும் சிறு ஒலிப்பான் வழியாக உண்மையைச் சொல்லும். முதலில் காதுக்குள் இரகசியமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இரகசியமாகச் சொன்னதை ஒருவரும் மதிக்கவில்லை என்பதால் வாய்விட்டுப் பேசும்படி மாற்றினார்கள். ஆனால் உடம்பு அவரவர் சொந்தச் சொத்து என்று நகரச் சட்டம் இருந்ததால், உரியவர் இசையாமல் மருத்துவருக்குக்கூட அது எதையும் எழுதி அனுப்பாது. வேண்டாமென்றால் ஒலிப்பானை ஒரு தட்டுத் தட்டி வாயடைத்தும் வைக்கலாம். மணவாளன் வாயடைக்கவில்லை. சண்டை போட ஆள் வேண்டுமே!

செவ்வாயில் ஜாங்கிரி எப்படி என்று கேட்கலாம். கண்ணாடித் தோட்டத்தில் உளுந்து விளைந்தது. சர்க்கரைக் கிழங்கும் விளைந்தது. மற்றதை மூன்றாம் நடைக்கூடத்துச் சம்பிரதாயம் பார்த்துக்கொண்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அவை. குழந்தைக்கு முதல் பல் முளைத்தால் இனிப்பு. கூரைக் கசிவு அடைபட்டால் இனிப்பு. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதால் அதில் பதில் இனிப்பு. முப்பத்தெட்டு வீடுகளுக்கிடையே தட்டுகள் துணைக்கோள்களைப் போல ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. வாங்கியதைக் கொட்டவும் முடியாது. தெருக்கோடியில் மிச்சத் தராசு இருந்தது. எவர் வீட்டிலிருந்து உணவு குப்பைக்கு வந்தாலும் எடைபோட்டு, அந்த வீட்டின் அடுத்த வாரப் பங்கில் குறைத்துவிடும்.

அன்றைய சண்டை ஓய்ந்த பிற்பகலில், மணவாளனின் மனைவி செங்கமலம் அவரை இழுக்காத குறையாக மருத்துவர் ரெஹானாவிடம் அழைத்துப் போனாள். மகள் இளவேனிலும் கூடப் போனாள்.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. “பூமியிலிருந்து கப்பல் தொண்ணூறு நாள்ல வருது சார். அதை விட்டா அடுத்தது இருபத்தாறு மாசம் கழிச்சு. இப்ப இருக்கிற நிலைமையில உங்க கிட்னி அதுவரை தாங்காது. இங்க டயாலிசிஸ் வசதி கிடையாது. கப்பல்ல உண்டு. உங்க சராசரிச் சர்க்கரை இருநூத்தி நாப்பது. கப்பல் வர்றதுக்குள்ள நூத்தி எண்பதுக்குக் கீழே கொண்டுவந்தா இங்கேயே இருக்கலாம். இல்லைன்னா பூமி திரும்பல் பட்டியல்ல உங்க பேரை எழுதிருவேன்.”

“நாங்களும் கூடப் போகலாமா?” என்று கேட்டாள் செங்கமலம்.

“நோயாளிக்கு மட்டும்தாம்மா இடம்.”

இடம் இருந்தாலும் பயனில்லை. இளவேனில் செம்பொழிலில் பிறந்தவள். செவ்வாயின் இலேசான எடைக்கு வளர்ந்த எலும்பு பூமியில் எழுந்து நிற்காது. போனவர் போனவர்தான். அப்பாவும் மகளும் இனித் திரையில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் இவள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் வந்து சேர அரைமணி நேரம் ஆகும்.

வீடு திரும்பும்போது மணவாளனின் கண் கலங்கியிருந்தது. வீட்டு வாசலில், எதிர்வீட்டுக் குழந்தை குப்புற விழுந்ததற்காக வந்த பால்கோவா காத்திருந்தது. கலங்கிய கண்ணோடே இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

செங்கமலம் செய்யாதது ஒன்றும் பாக்கியில்லை. இனிப்பை அரிசி டப்பாவில் ஒளித்தாள். பழுதான குழாயின் வெடிப்பையே ஒலியால் கண்டுபிடிக்கிற மனிதருக்கு அரிசி டப்பாவைத் தட்டிப்பார்ப்பது பெரிய காரியமா? சுருங்கிப்போன சிறுநீரகத்தின் படத்தைச் சுவரில் மாட்டினாள். அவர் அதன் ஓரத்தில் குழாய் பழுதுபார்க்கும் தேதிகளைக் குறித்துவைத்தார். பிறகு நலவாழ்வு அலுவலகத்துக்குப் போய் உட்செவிலியின் குரலை மாற்றச் சொன்னாள். முதலில் தன் குரலையே வைத்தாள். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் அந்தக் குரலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க அவர் நன்றாகத் தேறியிருந்தார். அடுத்து மகளின் குரலை வைத்தாள். “அப்பா, வேண்டாம்ப்பா” என்று வயிறு கெஞ்சியது. மணவாளன் விம்மி விம்மி அழுதார். அழுதுகொண்டே, எடுத்ததை வைக்கக் கூடாதே என்று, கையிலிருந்ததைத் தின்று முடித்தார்.

வீட்டில் இரண்டு உட்செவிலிகள் ஒரே நேரத்தில் பேசினால் அவருடையது சரியாகக் கேட்கவில்லை என்று, செங்கமலம் தன்னுடையதை நான்கு வருடத்துக்கு முன்பே வாயடைத்து வைத்திருந்தாள். “ஒண்ணு கத்துறது போதாதா?” என்பாள்.

எழுபது நாள் மிச்சமிருக்கும்போது அவள் மறுபடி மருத்துவரிடம் போய் நின்றாள். “அவரை எனக்குக் காப்பாத்திக் குடுங்க டாக்டர். என் பொண்ணுக்கு அப்பா வேணும். பயமுறுத்திப் பார்த்துட்டேன், கெஞ்சிப் பார்த்துட்டேன். எதுக்கும் அசைய மாட்டேங்குறாரு.”

ரெஹானா நெடுநேரம் யோசித்தார். “அவரு எதைக் கேட்டா மாறுவாருன்னு இவ்வளவு நாளாப் பார்த்தோம். மத்தவங்க கேட்டா மாறுவாரான்னு பார்ப்போமா?”

இப்படி வந்ததுதான் நலப்பலகை. பொதுக் குழாயடியில் தொங்கவிட்ட ஒரு திரை. பதிவு செய்யப்பட்டவரின் நேற்றைய சர்க்கரை, நடை, தூக்கம் எல்லாம் ஊரறிய ஒளிரும். இதற்கு உரியவரின் கைரேகை வேண்டும். பலகை ஒரு வாரத்தில் எப்படியும் பழுதாகிவிடும் என்ற தைரியத்தில் மணவாளன் வைத்துவிட்டார். இன்னொரு விதியும் இருந்தது. தம்மைத் தாமே யாரும் பதிவு செய்துகொள்ள முடியாது. வீட்டிலுள்ள இன்னொருவர்தான் அக்கறைப்பட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தாமாக வந்து எழுதிக்கொள்கிறவர்களுக்குப் பலகையே தேவைப்படாது என்பது அலுவலகத்தின் கணிப்பு. முதல் வாரத்தில் ஒன்பது பெயர்கள் ஏறின. எட்டுக் கணவன்மார், ஒரு மாமியார். அந்த மாமியாரைப் பதிவு செய்த மருமகளுக்கு இருந்தது அக்கறைதானா என்று விசாரிக்க இது இடமில்லை.

பலகை பழுதாகவில்லை. முப்பத்தெட்டு வீட்டாரும் தண்ணீர் பிடிக்காத வேளையிலும் குடத்தோடு வந்து நின்றார்கள்.

“என்ன அண்ணாச்சி, நேத்து இருநூத்தி எண்பது? மத்தியானம் என்ன, பாயசமா?” என்றார் இருபத்தெட்டாம் எண் கோமதிநாயகம். அவருக்கு அன்று நூற்று நாற்பது. அதைச் சொல்லாமலே சொல்லும்படி பலகையின் கீழ் சாய்ந்து நின்றுகொண்டார்.

மணவாளனுக்கு அது சுருக்கென்று தைத்தது. சிறுநீரகம் போகும் என்றபோது வராத ரோஷம், மகளைப் பிரிவோம் என்றபோது வராத ரோஷம், கோமதிநாயகத்தின் நூற்று நாற்பதைப் பார்த்ததும் வந்தது. மறுநாள் நடைக்கூடத்தை நான்கு முறை சுற்றினார். அடுத்த நாள் எட்டு. கோமதிநாயகம் பத்துச் சுற்ற, இவர் பன்னிரண்டு. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற மருந்துக்கு இவ்வளவு வீரியமா என்று ரெஹானாவே அசந்துபோனார்.

ஆனால் தட்டுகள் நிற்கவில்லை. குழாயடியில் மணவாளனின் எண்ணைப் பார்த்துப் முகம் சுளித்த அதே வீடுகளிலிருந்து அதிரசமும் ஜாங்கிரியும் வந்தபடியே இருந்தன. வேண்டாமென்று சொல்வது மரியாதையா? செங்கமலம் வாங்கிக்கொண்டாள். அவர் தட்டில் ஒன்று வைத்தாள். அவர் கம்பீரமாகத் தள்ளிவைத்தார். தள்ளிவைத்ததை அவள் பாத்திரம் துலக்குமுன், நின்றபடியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கொட்டினால் தராசு பிடித்துக்கொள்ளும்; மேலும், உணவை வீணாக்கலாமா?

அந்த நாட்களில் செங்கமலத்தைப் பற்றியும் நடைக்கூடத்தில் பேச்சு இருந்தது. இல்லையென்று யார் சொன்னது? தாகம் தாகம் என்று பக்கத்து வீடுகளில் தண்ணீர் கேட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் இரகசியமாக மல்லிகைச் செடி வளர்க்கிறாள் என்று கோமதிநாயகத்தின் மனைவி சுகந்தி துப்புக் கண்டுபிடித்தாள். பட்டப்பகலில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். புருஷன் தேறியதும் மகராசிக்குச் சொகுசு வந்துவிட்டது என்றார்கள். கால் விரலில் ஒரு புண்ணோடு இரண்டு மாதமாக நொண்டினாள். அவரோடு சேர்ந்து நடக்கச் சொல்லிவிடுவாரோ என்று நடிப்பு என்றார்கள். எல்லாவற்றையும் பார்த்தார்கள், குறை சொல்ல முடியாது. பார்த்த அத்தனைக்கும் சுவையான காரணம் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கப்பல் வந்து இறங்கிய அன்று மணவாளனின் சராசரி நூற்று எழுபத்தொன்று. குழாயடியில் கைதட்டினார்கள். கோமதிநாயகம்கூட, அரை மனதாக, இரண்டு தட்டுத் தட்டினார். ரெஹானா பூமி திரும்பல் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்டு, “பதிவு பண்ணினது நீங்கதானேம்மா, இங்க ஒரு கைரேகை வெச்சிருங்க” என்றார்.

செங்கமலம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே சரிந்து தரையில் விழுந்தாள்.

அவள் நினைவு தெளிந்து சம்மதமாகத் தலையசைத்த பிறகு, ரெஹானா அவள் காறையெலும்பைத் தட்டி உட்செவிலியின் வாயைத் திறந்தார். நான்கு வருடம் அடைபட்டுக் கிடந்ததெல்லாம் வரிசையாகக் கொட்டியது. “இரத்தச் சர்க்கரை இருநூற்றுப் பத்து, கவனம். இருநூற்று அறுபது, கவனம். சிறுநீரகத் திறன் பாதி. கால் விரலில் புண், உடனே மருத்துவரைப் பார்க்கவும். சிறுநீரகத் திறன் கால் பங்கு. மருத்துவரைப் பார்க்கவும். மருத்துவரைப் பார்க்கவும்.”

“இது யாரு பேசுறது?” என்றார் மணவாளன்.

ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் குரலை அவர் காதில் வாங்கியதே இல்லை. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய குரல். அதற்கு இதுதான் வேண்டும் என்று யாரும் ஒரு குரலைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை.

ரெஹானா, நீக்கிய பெயருக்கு நேரே செங்கமலத்தின் பெயரை எழுதினார். ஊரார் எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கொரு பரிசோதனை உண்டு. ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் கணவருக்காகவே வரிசையில் நின்றாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இனி மாத்திரையும் நடையும் போதாது. பன்னிரண்டு நாளில் கப்பல் திரும்பக் கிளம்பும்.

அன்று மாலை மணவாளன் அடுக்களையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு ஏன் சொல்லலை, கமலம்?”

“நீங்க கேட்டீங்களா?” அவள் கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே, “என்கிட்டயே அது சொல்லலையே. நான்தானே வாயை அடைச்சு வெச்சேன்” என்றாள்.

மறுநாள் மணவாளன் வெறும் தட்டை ஏந்திக்கொண்டு இருபத்தெட்டாம் எண் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“மதினி, ஜாங்கிரி இருக்கா?”

சுகந்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “உங்களுக்கா? நூத்தி எழுபத்தொண்ணு வாங்கியிருக்கீங்களே அண்ணாச்சி! கெடுத்துக்கிடாதீங்க.”

“எனக்குக் கெடணும் மதினி. கெட்டாத்தான் கப்பல்ல எனக்கும் இடம் தருவாங்க. அவளைத் தனியா அனுப்ப என்னால முடியாது. நாலு ஜாங்கிரி குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்” என்று சொல்லி, தட்டில் இரண்டு வெள்ளரிக்காயை வைத்தாள். வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்பக் கூடாதல்லவா?

முப்பத்தேழு வீட்டுக் கதவையும் தட்டினார். இத்தனை வருடமாகக் கேட்காமலே வந்து குவிந்த இனிப்பில் ஒரு துணுக்குக்கூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் நடைக்கூடம் அதற்குள் நலவாழ்வில் அவ்வளவு முன்னேறியிருந்தது. வெள்ளரி கிடைத்தது. வெந்தயம் கிடைத்தது. ஒரு வீட்டில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். கோமதிநாயகம், “இப்ப விட்டா நான் முந்திருவேன், பார்த்துக்கிடுங்க” என்று தமக்குத் தெரிந்த வகையில் ஊக்கப்படுத்தினார்.

கடைசியில் வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவைத் திறந்து கரண்டி கரண்டியாக வாயில் போட்டுக்கொண்டார். “அப்பா, வேண்டாம்ப்பா” என்று வயிறு மகளின் குரலில் கெஞ்சியது. அவர் நிறுத்தவில்லை. பன்னிரண்டு நாள் சர்க்கரையால் தொண்ணூறு நாள் சராசரி அசையாது என்று அவருக்கும் தெரியும். செங்கமலம் வந்து டப்பாவைப் பிடுங்கினாள்.

“நீங்களும் வந்துட்டா, அவ இங்க யாரு முகத்தைப் பார்ப்பா?”

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

வழியனுப்ப நடைக்கூடமே திரண்டது. வெறுங்கையோடு வரலாமா? ஆளுக்கொரு வைத்தியத்தோடு வந்தார்கள். பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ, வெறும் வயிற்றில் இஞ்சி. செங்கமலம் அத்தனையையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கப்பல் கதவு மூடும்வரை மகளின் கையைப் பிடித்திருந்தவள், மூடுகிற நேரத்தில் கணவரைப் பார்த்து, “நடையை விட்டுறாதீங்க” என்றாள்.

அதன்பின் ஒரு வாரம் ஊரில் ஒரே பதற்றம். கணவன்மார்கள் முண்டியடித்துக்கொண்டு மனைவிமார்களைப் பதிவு செய்தார்கள். விண்ணப்பத்தை மனைவிமார்களே நிரப்பிக் கொடுக்க, இவர்கள் விரலை மட்டும் நீட்டினார்கள். பலகையில் பெயர்கள் அதிகமாகி, எழுத்து சிறுத்து, கோமதிநாயகத்துக்குத் தம் எண்ணே தெரியாமல் போயிற்று. கூட்டம் போட்டுப் பேசி, பெண்களின் பெயர்களைப் பலகையின் பின்பக்கத்துக்கு மாற்றினார்கள். பின்பக்கம் சுவரைப் பார்த்திருந்தது.

செங்கமலம் பாளையங்கோட்டையில் தங்கை வீட்டில் இருக்கிறாள். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி. தினமும் அவளிடமிருந்து ஒரு செய்தி வரும்: “நடந்தீங்களா?” தினமும் மணவாளன் ஒரு பதில் அனுப்புவார்: “நடந்தேன். நீ சாப்பிட்டியா?”

அடுத்த கப்பல் வந்த மாதத்தில் இளவேனிலுக்கும் கோமதிநாயகத்தின் மகன் ஆதவனுக்கும் கல்யாணம் நடந்தது. இருவரும் ஐந்தாம் நடைக்கூடத்துக்குக் குடிபோகிறார்கள் என்று ஏற்பாடு. பந்தியில் மாப்பிள்ளை ஜாங்கிரியைப் பாதி கடித்ததுமே அவருடைய உட்செவிலி கணீரென்று எச்சரித்தது. அப்பாவைப் போலவே ரோஷக்காரர். மிச்சத்தை இலை ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பந்தியே மெச்சியது.

இளவேனில் ஒதுக்கிவைத்ததைப் பார்த்தாள். தெருக்கோடித் தராசைப் பார்த்தாள். கை தானாக நீண்டது. அவளுடைய உட்செவிலியும் ஏதோ சொல்லத் தொடங்கியது.

“சும்மா இரு. அவருக்கு அது என்னவோ சொல்லுது, கேட்க விடு” என்று காறையெலும்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஜாங்கிரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.